கங்கை ஒப்பந்தம் முடிகிறது: அடுத்து எந்த வழி?

கங்கை நீரைப் பகிர்ந்துகொள்ள இந்தியாவும் வங்கதேசமும் 1996 டிசம்பர் 12 அன்று டெல்லியில் ஓர் ஒப்பந்தம் போட்டன. தேவகவுடாவும் ஷேக் ஹசீனாவும் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தத்தின் ஆயுள் 30 ஆண்டு. 2026 டிசம்பர் 12 அன்று அது முடிகிறது. தானாக நீளும் என்று அதில் எங்கும் இல்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் புதுப்பிக்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே ஏதாவது ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பழையதையே நீட்டிக்கலாம். சிந்து நதியில் செய்ததுபோல் பிரித்துக்கொண்டு ஒதுங்கலாம். மீகாங் நாடுகள்போல ஓர் ஆணையம் வைத்துக்கொள்ளலாம். செனகல் நதிக்காரர்கள்போல அணையையே கூட்டுச் சொத்தாக்கலாம். இல்லாவிட்டால், அமெரிக்காவும் மெக்சிகோவும் செய்வதுபோல், மூல ஒப்பந்தத்தைத் தொடாமல் விதிகளை மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொள்ளலாம். உலகத்தில் வேறு மாதிரிகளும் உண்டு. கங்கைக்கு ஒத்துவரக்கூடியவை என்று பேசப்படுவது பெரும்பாலும் இந்த ஐந்தில் அடங்கிவிடும்.

இவற்றை எடைபோட இரண்டு கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். ஆறு வற்றும் ஏப்ரல் மாதத்தின் மிக மோசமான பத்து நாளில் அந்த ஏற்பாடு என்ன செய்யும்? இரண்டு அரசுகளும் முகம் கொடுத்துப் பேசாத காலத்தில் அது என்ன ஆகும்? யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை வைத்துத்தான் இரண்டு பக்கத்துப் பத்திரிகைகளும் வெற்றி தோல்வி எழுதும். ஆனால் ஆறு நிறைய ஓடும் ஆண்டில் எந்தப் பங்கீடும் நல்ல பங்கீடாகத்தான் தெரியும்.

ஃபராக்காவில் என்ன நடக்கிறது

மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில், வங்கதேச எல்லைக்குச் சற்று மேலே, சுமார் 2.2 கி.மீ. நீளத்தில் 109 மதகுகளோடு நிற்கிறது ஃபராக்கா கதவணை. இது தண்ணீரைத் தேக்கி வைக்கும் அணை அல்ல, திருப்பிவிடும் கட்டுமானம். 1975-ல் பயன்பாட்டுக்கு வந்தது. இங்கிருந்து 38 கி.மீ. நீளக் கால்வாய் ஒன்று விநாடிக்கு 40,000 கன அடி வரை பாகீரதி ஆற்றுக்கு எடுத்துப் போகும். பாகீரதிதான் கீழே போய் ஹூக்ளி ஆகிறது. அதில் சேரும் வண்டலை அடித்துத் தள்ளி கல்கத்தா துறைமுகத்தைக் காப்பாற்றுவது திட்டத்தின் நோக்கம். மீதித் தண்ணீர் மதகுகள் வழியாக வங்கதேசம் போய் பத்மா என்ற பெயரில் ஓடும்.

மழைக்காலத்தில் பல லட்சம் கன அடி வரும். அப்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. சண்டையெல்லாம் ஜனவரி முதல் மே வரைதான். 1976 மே மாதம் வங்கதேச அரசியல் தலைவர் மௌலானா பாஷானி அந்நாட்டின் ராஜ்ஷாஹியிலிருந்து ஃபராக்காவை நோக்கி நெடும்பயணம் போனார். அதே ஆண்டு வங்கதேசம் இதை ஐ.நா. பொதுச் சபைக்கும் கொண்டுபோனது. 1977-ல் ஐந்தாண்டு ஒப்பந்தம், பிறகு 1982-லும் 1985-லும் தற்காலிகப் புரிந்துணர்வுகள். 1988-க்குப் பிறகு எதுவும் இல்லை.

இந்த 1988–1996 இடைவெளியை நாம் தனியாகக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் 'ஒப்பந்தமே வேண்டாம்' என்பதும் ஒரு வழிதான். அது ஏற்கெனவே நடத்திப் பார்க்கப்பட்ட வழி. பத்மாவிலிருந்து குஷ்டியா அருகே பிரியும் கொராய் ஆறுதான் வங்கதேசத்தின் தென்மேற்குக்கு நன்னீர் கொண்டுபோகும் முக்கியக் கிளை. அந்த ஆண்டுகளில் கோடைதோறும் அதன் தலைப்பில் மணல் மேடிட்டு பத்மாவோடு தொடர்பு அறுந்துபோனது. மேலிருந்து நன்னீர் தள்ளாவிட்டால் கடலிலிருந்து உப்பு ஏறும். குல்னா வரை ஏறியது. சுந்தரவனத்தில் சுந்தரி மரங்கள் உச்சியிலிருந்து பட்டுப்போவதற்கு இந்த உப்பும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஒப்பந்தம் வந்த பிறகும் கொராய் தானாகத் திறந்துகொள்ளவில்லை. 1998-லிருந்து தூர்வார வேண்டியிருந்தது. எட்டு ஆண்டு கவனிக்காமல் விட்டதைச் சரிசெய்ய அதைவிட அதிக ஆண்டுகளும் பணமும் போயின.

பழையதையே நீட்டித்தால்

1996 ஒப்பந்தத்தின் கணக்கு எளிமையானது. ஃபராக்காவுக்கு வரும் தண்ணீரைப் பத்து நாள் பத்து நாளாகக் கணக்கிடுவார்கள். வரத்து 70,000 கன அடியோ அதற்குக் குறைவோ என்றால் ஆளுக்குப் பாதி. 70,000 முதல் 75,000 வரை என்றால் வங்கதேசத்துக்கு 35,000, மீதி இந்தியாவுக்கு. 75,000-ஐத் தாண்டினால் இந்தியா 40,000 எடுத்துக்கொள்ளும், மற்றதெல்லாம் வங்கதேசத்துக்கு.

இதில் சுவாரசியமான இடம் மார்ச் 11 முதல் மே 10 வரையிலான கெடுபிடிக் காலம். அந்த ஆறு பத்து நாள் தவணைகளில் முறைவைத்து ஒருவருக்கு 35,000 கன அடி உறுதி. ஒப்பந்தத்தின் இணைப்பில் உள்ள அட்டவணையைப் பாருங்கள். ஏப்ரல் 1–10 தவணையில் சராசரி வரத்து 63,180 கன அடி. அது வங்கதேசத்தின் முறை என்பதால் அதற்கு 35,000, இந்தியாவுக்கு 28,180. அடுத்த பத்து நாளில் வரத்து 62,633. இப்போது இந்தியாவின் முறை, அதற்கு 35,000, வங்கதேசத்துக்கு 27,633. அதற்கடுத்த ஏப்ரல் 21–30 தவணையில் மறுபடி வங்கதேசத்துக்கு 35,000, இந்தியாவுக்கு 25,992.

35,000 கன அடி பத்து நாள் ஓடினால் ஏறத்தாழ 30 டிஎம்சி; மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு. முறை மாறும்போது ஒரு தரப்பு இழப்பது ஆறேழு டிஎம்சி. கொராய் ஆற்றின் தலைப்பில் மணல் மேடு மூழ்குமா வெளியே தெரியுமா என்பதை இந்த அளவு வித்தியாசம் தீர்மானிக்கக்கூடும்.

சரி, வரத்து 50,000-க்குக் கீழே போனால்? இரண்டு அரசுகளும் உடனே கலந்து பேசி, சமநீதி, நியாயம், யாருக்கும் தீங்கின்மை என்ற அடிப்படையில் அவசரமாகச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்கிறது ஒப்பந்தம். தவணையே பத்து நாள். டெல்லியிலும் டாக்காவிலும் தேதி பார்த்து, குழு அமைத்து, உட்கார்ந்து பேசி முடிப்பதற்குள் அந்தத் தவணை முடிந்துபோயிருக்கும். 'பற்றாக்குறைக் காலப் பங்கீடு' என்ற சொல்லைக் காவிரி விவகாரத்தில் ஆண்டுக்கணக்காகக் கேட்டுச் சலித்த நமக்கு இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று விளக்கத் தேவையில்லை. ஒப்பந்தம் அமலான முதல் கோடையிலேயே, 1997 மார்ச் மாதக் கடைசியில், வரத்து எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைந்து இந்தப் பிரச்சினை வந்துவிட்டது.

1977 ஒப்பந்தத்தில் இந்த ஓட்டை இல்லை என்பதுதான் வேடிக்கை. அப்போது ஏப்ரல் 21–30 தவணையில் வங்கதேசத்துக்கு 34,500, இந்தியாவுக்கு 20,500 என்று எழுதி, வரத்து எவ்வளவு குறைந்தாலும் வங்கதேசத்தின் பங்கில் 80 சதவீதமாவது கிடைக்கும் என்று உத்தரவாதமும் கொடுத்திருந்தார்கள். 1982-ல் அந்த உத்தரவாதத்தை எடுத்துவிட்டார்கள். அதாவது வறட்சியின் சுமையில் பெரும்பகுதி இந்தியாவின் தலையில் விழுந்த ஓர் ஏற்பாட்டிலிருந்து, வறட்சிக்கு விதியே இல்லாத ஓர் ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

இன்னொரு குறையும் உண்டு. அட்டவணை 1949–1988 சராசரியை வைத்துப் போட்டது. அந்த 40 ஆண்டுச் சராசரி வரத்தை ஃபராக்காவில் காக்க மேல்மடை நாடு 'எல்லா முயற்சியும்' எடுக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். முயற்சி எடுத்ததா என்று எங்கே போய்ப் பார்ப்பது? அளவெடுப்பது ஃபராக்காவிலும் வங்கதேசத்தில் ஹார்டிஞ்ச் பாலத்திலும் மட்டும்தான். ஹரித்வாரில் 1854-லிருந்து தண்ணீர் எடுக்கும் கங்கைக் கால்வாய், அதற்குக் கீழே நரோராவில் பிரியும் கால்வாய், உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் கங்கைச் சமவெளி முழுக்க ஓடும் ஆழ்துளைக் கிணறுகள், இவை எதுவும் ஒப்பந்தத்தின் கண்ணில் படுவதில்லை. கதவணைக்கு வந்து சேர்ந்ததைத்தான் பங்கு போடுகிறார்கள்.

ஆனால் என் இரண்டாவது கேள்விக்கு இந்த ஒப்பந்தம் நன்றாகவே பதில் சொல்கிறது. ஒவ்வொரு கோடையிலும் வங்கதேசப் பொறியாளர்கள் ஃபராக்காவிலும் இந்தியப் பொறியாளர்கள் ஹார்டிஞ்ச் பாலத்திலும் இருந்து அளவெடுப்பார்கள். கதவணைக்குக் கீழே எவ்வளவு, கால்வாயில் எவ்வளவு, படகு மடையில் எவ்வளவு என்று தினமும் பதிவாகும். 2024 ஆகஸ்டில் ஹசீனா ஆட்சி கவிழ்ந்து அவர் டெல்லிக்கு வந்துவிட்ட பிறகு இரு நாட்டு உறவு எவ்வளவு கசந்தது என்று தெரியும். அதற்குப் பிறகும், 2025 மார்ச்சில், வங்கதேசக் குழு ஃபராக்காவுக்கு வந்து அளவெடுப்பதைப் பார்வையிட்டது. அமைச்சர்கள் பேசாத காலத்திலும் பொறியாளர்கள் பேசிக்கொள்ள வழி வைத்திருக்கும் ஒப்பந்தத்தைத் தூக்கி எறிய எனக்கு மனம் வராது.

சிந்து வழி

இதை அதிகம் பேச வேண்டியதில்லை. 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்டார்கள். ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பாகிஸ்தானுக்கு. ஆறு ஆறுகள் இருந்ததால் மூன்று மூன்றாகப் பிரிக்க முடிந்தது. கங்கை ஒரே ஆறு. எதை யாருக்குக் கொடுப்பது?

சிந்து ஒப்பந்தத்தின் உண்மையான பலம் பணத்திலும் மூன்றாம் தரப்பிலும் இருந்தது. உலக வங்கி நடுவில் நின்று, பாகிஸ்தான் மங்களா, தர்பேலா போன்ற மாற்று அணைகளைக் கட்ட நிதி திரட்டிக் கொடுத்தது. தகராறு வந்தால் நடுநிலை நிபுணர், அதற்கு மேலே நடுவர் மன்றம் என்று படிகளும் வைத்தது. 1965, 1971, 1999 போர்களிலும் அது நின்றது. அப்புறம் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் 2025 ஏப்ரல் 23 அன்று இந்தியா அதை நிறுத்திவைத்தது. உலகத்தின் மிக உறுதியான நீர் ஒப்பந்தம் என்று பாடப்புத்தகங்களில் இடம்பிடித்தது, ஒரே அறிவிப்பில் நின்றுபோனது. டாக்காவில் இருப்பவர்கள் இதைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். அதே 2025 ஜூன் மாதம் வங்கதேசம் ஐ.நா.வின் 1992 நீர் மாநாட்டு உடன்படிக்கையில் சேர்ந்தது. தெற்காசியாவில் அதில் சேர்ந்த முதல் நாடு அது. இந்தியா அதில் இல்லாதவரை அந்த உடன்படிக்கையைக் காட்டி ஒரு கன அடிகூட வாங்க முடியாது. தன் பக்கத்து நியாயத்தை உலகத்துக்குச் சொல்ல ஒரு மேடை கிடைத்தது என்ற அளவில் சரி.

ஆணையம் வைத்தால்

லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் நான்கும் 1995-ல் சியாங் ராயில் ஒப்பந்தம் போட்டு மீகாங் நதி ஆணையத்தை உருவாக்கின. யாருக்கு எத்தனை கன அடி என்று அதில் இல்லை. முக்கிய ஆற்றில் யாராவது அணை கட்ட நினைத்தால் முன்கூட்டியே மற்றவர்களிடம் சொல்லி ஆறு மாதம் கலந்துபேச வேண்டும். தகவல் பகிர வேண்டும். மழைக்காலத்தில் கம்போடியாவின் டோன்லே சாப் ஏரிக்குள் ஆறு திரும்பி ஓடும் அளவுக்கு நீரோட்டத்தைக் காக்க வேண்டும். 1957-ல் தொடங்கிய பழைய குழுவில் ஒவ்வொரு நாட்டுக்கும் தடுக்கும் உரிமை இருந்தது. 1995-ல் அதை எடுத்துவிட்டார்கள்.

எடுத்ததன் விளைவை சயாபுரியில் பார்க்கலாம். லாவோஸ் தன் மண்ணில் 1,285 மெகாவாட் அணை கட்டப் போவதாக 2010-ல் அறிவித்தது. கலந்துபேசினார்கள். கம்போடியாவும் வியட்நாமும் கவலை தெரிவித்தன. முடிவுக்கு வரவில்லை. 2012-ல் லாவோஸ் கட்டத் தொடங்கியது, 2019-ல் மின்சாரம் விற்றது. மின்சாரத்தின் பெரும்பகுதியை வாங்கியது தாய்லாந்து. அதுவும் அதே ஆணையத்தின் உறுப்பினர். ஆற்றின் தலைப்பில் இருக்கும் சீனாவோ உறுப்பினரே இல்லை, வெறும் உரையாடல் கூட்டாளி. ஆண்டு முழுவதும் நீரளவுத் தகவல் தர அது ஒத்துக்கொண்டது 2020-ல்தான்.

கங்கைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பது. கோடையில் கங்கைக்கு வரும் நீரில் பெரும்பகுதி நேபாளத்து ஆறுகளான கோசி, கண்டக், கர்ணாலி வழியாக வருகிறது. ஃபராக்கா மேசையில் நேபாளம் இல்லை. ஆனால் ஆணையம் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் நடுவில் 1972-லிருந்தே கூட்டு நதிகள் ஆணையம் இருக்கிறது. 54 ஆறுகள் அதன் பொறுப்பு. அமைச்சர் மட்டத்தில் அது 2010 மார்ச்சில் கூடியது. அடுத்து கூடியது 2022 ஆகஸ்டில். பன்னிரண்டு ஆண்டு கூடாத ஆணையத்துக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணையம் எதற்கு? இரண்டாவது கேள்வியில் இந்த வழி தோற்கிறது.

கூட்டுச் சொத்து

மனசுக்குப் பிடித்த வழி இதுதான், ஒளிக்க வேண்டியதில்லை. மாலி, மொரிட்டானியா, செனகல் மூன்றும் 1972-ல் செனகல் நதிக்கு ஒரு பொது அமைப்பை ஏற்படுத்தின. கினி 2006-ல் சேர்ந்தது. 1978-ல் அவர்கள் செய்தது பெரிய துணிச்சல்: நதியில் கட்டும் அணைகள் எந்த நாட்டு மண்ணில் நின்றாலும் எல்லோருக்கும் கூட்டுச் சொத்து, கடனுக்கும் எல்லோரும் ஜாமீன் என்று எழுதிக்கொண்டார்கள். கடலுப்பு ஏறாமல் தடுக்க முகத்துவாரத்துக்கு அருகே டியாமா அணை, மேலே மாலி மண்ணில் மனன்டாலி அணை. மனன்டாலியின் 200 மெகாவாட்டில் மாலிக்கு 52 சதவீதம், செனகலுக்கு 33, மொரிட்டானியாவுக்கு 15. தண்ணீரை நாடுவாரியாகப் பங்கு போடுவதில்லை. பாசனம், மின்சாரம், படகுப் போக்குவரத்து என்று தேவைவாரியாக ஒரு நிரந்தர நீர்க்குழு முடிவு செய்யும்.

1989-ல் செனகலும் மொரிட்டானியாவும் எல்லையில் அடித்துக்கொண்டு உறவை முறித்துக்கொண்டன. நதி அமைப்பு அப்போதும் பிழைத்தது. கடன் பத்திரத்தில் கையெழுத்து கூட்டாக இருக்கும்போது கோபித்துக்கொண்டு வெளியே போக முடியாதில்லையா! அதற்காக அங்கே எல்லாம் சுகம் என்று நினைத்துவிடக் கூடாது. டியாமா வந்தபின் நீர் தேங்கி, செனகலின் ரிஷார் டோல் பகுதியில் நத்தைவழிப் புழுநோய் கடுமையாகப் பரவியது. வெள்ளம் வடிந்தபின் அந்த ஈரத்தில் விதைத்து வாழ்ந்த விவசாயிகள் அந்த வெள்ளத்தையே இழந்தார்கள்.

கங்கையில் இதற்கான முயற்சி பழையது. 1978-ல் நேபாள மலைகளில் நீர்த்தேக்கங்கள் கட்டி கோடையில் திறந்துவிடலாம் என்றது வங்கதேசம். பிரம்மபுத்திராவிலிருந்து வங்கதேசம் வழியாகக் கங்கைக்கு ஒரு பெரிய கால்வாய் வெட்டலாம் என்றது இந்தியா. தன் நிலத்தை அறுக்க டாக்கா சம்மதிக்கவில்லை. மூன்றாவது நாட்டைச் சேர்த்துக்கொள்ள டெல்லி சம்மதிக்கவில்லை. நேபாளமோ 1954 கோசி, 1959 கண்டக் ஒப்பந்தங்களில் தான் ஏமாந்ததாக இன்றைக்கும் நினைக்கிறது. இந்தியாவும் நேபாளமும் 1996 பிப்ரவரியில் கையெழுத்திட்ட மகாகாளி ஒப்பந்தத்தின் பஞ்சேஷ்வர் அணை இன்னும் எழவில்லை. இரண்டு நாட்டுக்குள்ளேயே முப்பது ஆண்டு இழுக்கும்போது, மூன்று நாடு சேர்ந்து நிலநடுக்கப் பகுதியில் கூட்டு அணை கட்டி, அந்தத் தண்ணீர் ஃபராக்காவுக்கு வருவதற்குள் இன்னும் எத்தனை ஏப்ரல் போகும்? ஆகவே இது தனியாக, மெதுவாக நடக்கட்டும். 2026-ன் முடிவை இதற்காகக் காக்க வைக்க முடியாது.

எல் பாசோவும் குவாரெஸும்

அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே 1944-ல் போட்ட ஒப்பந்தம் இன்றும் நடப்பில் இருக்கிறது. கொலராடோ ஆற்றிலிருந்து அமெரிக்கா ஆண்டுக்கு 15 லட்சம் ஏக்கர் அடி, நம் கணக்கில் சுமார் 65 டிஎம்சி, மெக்சிகோவுக்கு விட வேண்டும். அந்த எண்ணை யாரும் தொடவில்லை. ஆனால் அதைச் சுற்றியிருந்த எல்லாம் மாறியிருக்கின்றன.

மாற்றியது எப்படி என்பதுதான் விஷயம். எல்லையில் எதிரெதிரே இருக்கும் எல் பாசோ, சியுடாட் குவாரெஸ் நகரங்களில் கூட்டு ஆணையத்தின் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் தலைவர் பொறியாளராக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே உண்டு. இரு பிரிவும் சேர்ந்து 'மினிட்' என்ற பெயரில் எண் போட்டு ஒரு முடிவை எழுதும். 30 நாளுக்குள் எந்த அரசும் மறுக்காவிட்டால் அது கட்டுப்படுத்தும். ஒப்பந்தத்தைப் பிரிக்க வேண்டாம், உச்சிமாநாடு வேண்டாம்.

1961-லிருந்து அமெரிக்க வயல்களின் உப்பு வடிநீர் கொலராடோவில் கலந்து மெக்சிகோவின் மெக்சிகாலி பள்ளத்தாக்கின் பயிர்களைக் கெடுத்தது. அளவு சரியாக இருந்தது, தரம் கெட்டிருந்தது. ஒப்பந்தத்தில் தரம் பற்றிப் பேச்சே இல்லை. 1973-ல் 242-ஆம் மினிட் உப்புக்கு வரம்பு வைத்தது. 2010 ஏப்ரலில் நிலநடுக்கம் மெக்சிகாலியின் கால்வாய்களை உடைத்ததும், வாங்கிப் பயன்படுத்த முடியாத தண்ணீரை, கொலராடோவின் அமெரிக்க நீர்த்தேக்கமான மீட் ஏரியிலேயே விட்டுவைத்துப் பிறகு எடுத்துக்கொள்ள இன்னொரு மினிட் வழி செய்தது. 2012-ல் வந்த 319-ஆம் மினிட், வறட்சியில் மெக்சிகோவின் பங்கு எப்படிக் குறையும் என்று முன்கூட்டியே எழுதியது: மீட் ஏரியின் மட்டம் 1,075 அடிக்கு இறங்கினால் 50,000 ஏக்கர் அடி குறையும், இன்னும் இறங்கினால் இன்னும் குறையும், ஏரி நிரம்பினால் கூடுதலாகவும் கிடைக்கும். அதே மினிட்டின் கீழ்தான் 2014 மார்ச்சில், வறண்டுகிடந்த கொலராடோ கழிமுகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். 2017-ல் 323-ஆம் மினிட் இந்த விதிகளைத் தொடர்ந்தது. 2022-க்குப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டபோது யாரும் அவசரமாகக் கூடிப் பேச வேண்டியிருக்கவில்லை. ஏரியின் அளவுகோல் சொன்னது, விதி ஓடியது.

இதே ஒப்பந்தத்தின் மறுபாதி இவ்வளவு அழகாக இல்லை. ரியோ கிராண்டேயில் கொடுக்க வேண்டியது மெக்சிகோ: ஐந்தாண்டுச் சுற்றில் ஆண்டுக்குச் சராசரியாக 3.5 லட்சம் ஏக்கர் அடி. 'அசாதாரண வறட்சி' வந்தால் பாக்கியை அடுத்த சுற்றில் தீர்க்கலாம். எது அசாதாரணம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அதனால் பாக்கி ஏறிக்கொண்டே போய், ஐந்தாவது ஆண்டில் ஒரேயடியாகக் கழுத்தைப் பிடிக்கும். 2020 செப்டம்பரில் மெக்சிகோவின் சிவாவா மாநில விவசாயிகள் லா போகியா அணையைக் கைப்பற்றி, தங்கள் தண்ணீரை டெக்சாஸுக்கு விடக் கூடாது என்று நின்றார்கள். 2025-ல் டிரம்ப் வரி போடுவேன் என்று மிரட்டினார். ஒரே ஒப்பந்தம், ஒரே ஆணையம், இரண்டு ஆறுகள். வறட்சிக்கு எண் எழுதிய ஆற்றில் அமைதி, வறட்சியைச் சொல்லாகவே விட்டுவைத்த ஆற்றில் தகராறு. ஃபராக்காவின் 50,000-க்குக் கீழே உள்ள வரிகள் எந்த ஆற்றைப் போல இருக்கின்றன என்று பாருங்கள்.

மாநிலங்கள்

எந்த வழியைத் தேர்ந்தாலும் டெல்லி மட்டும் முடிவெடுத்துவிட முடியாது. வெளிநாட்டு ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சட்டம் போட அரசியல் சாசனத்தின் 253-ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது, உண்மைதான். ஆனால் 2011 செப்டம்பரில், இரு நாட்டிலும் ஓடும் தீஸ்தா ஆற்று நீரைப் பகிரும் ஒப்பந்தம் கையெழுத்தாகும் தறுவாயில் அப்போதைய மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி மறுத்தார், அது அப்படியே நின்றது. 1996-ல் அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு தானே டாக்கா போய்ப் பேசினார், கங்கை ஒப்பந்தம் நடந்தது. 2024 ஜூனில் புதுப்பிக்கும் பேச்சைத் தொடங்க டெல்லியும் டாக்காவும் முடிவெடுத்ததும், தங்களைக் கேட்கவில்லை என்று மம்தா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மால்டாவிலும் முர்ஷிதாபாத்திலும் கங்கை கரையை அரித்து ஊர்களைத் தின்பது அவர் சொல்லும் குறை. கதவணையால் வண்டல் படிந்து பிகாரில் வெள்ளம் என்று நிதிஷ் குமார் ஃபராக்காவையே எடுக்கச் சொன்னவர். சிவாவா விவசாயிகளை மேசைக்கு வெளியே வைத்ததன் பலனைப் பார்த்தோம். மேற்கு வங்கத்தையும் பிகாரையும் வெளியே வைத்தாலும் அதே கதைதான். கூட்டுக் குழுவின் இந்தியப் பிரிவில் இரண்டு மாநிலப் பொறியாளர்களுக்கும் இடம் வேண்டும்.

ஆக எது?

1996-ன் பங்கீட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதோடு மினிட் முறையைச் சேர்ப்பதே என் தேர்வு. பங்கீட்டு எண்களைத் திறந்தால் இரண்டு பக்கத்திலும் அரசியல் கிளம்பும், வருஷக்கணக்கில் மூடாது. குறுகிய கால ஒப்பந்தமே போதும் என்ற பேச்சும் அடிபடுகிறது. பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை உச்சிமாநாட்டுக்காகக் காத்திருப்பதைவிட, நீண்ட ஒப்பந்தத்துக்குள் சீக்கிரம் மாற்றக்கூடிய விதிகள் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது. ஏற்கெனவே ஃபராக்காவிலும் ஹார்டிஞ்ச் பாலத்திலும் அளவெடுக்கும் கூட்டுக் குழுவுக்கே அந்த அதிகாரத்தைக் கொடுக்கலாம். புதிதாக அமைப்பு தேட வேண்டியதில்லை.

முதல் மினிட், 50,000-க்குக் கீழே என்ன செய்வது என்பது. வரத்து அதற்குக் கீழே இறங்கிய அன்றே 35,000 உத்தரவாதம் நிற்க வேண்டும், கிடைப்பது ஆளுக்குப் பாதி. முறை இழந்தவருக்கு அடுத்து வரத்து தேறும் தவணையில் ஈடு. ரியோ கிராண்டேயில் நடந்தது இங்கே நடக்காமலிருக்க, அந்தப் பாக்கி மே 31-ஓடு முடிய வேண்டும், அடுத்த ஆண்டுக்குப் போகக் கூடாது. இது வங்கதேசத்துக்குச் சலுகை என்று தோன்றினால் அட்டவணையை மறுபடி பாருங்கள்: 50,000 வரும் தவணை வங்கதேசத்தின் முறையாக இருந்தால் கல்கத்தாவுக்கு மிஞ்சுவது 15,000 கன அடிதான்.

இரண்டாவது, ஃபராக்காவுக்கு மேலே நடப்பதைக் காட்டுவது. பாட்னாவிலும் அதற்கு மேலே சில இடங்களிலும் பதிவாகும் நீரளவைக் கோடை மாதங்களில் பகிர்ந்தாலே பாதிச் சந்தேகம் தீரும். நேபாளம் இதில் தகவல் தருபவராக மட்டும் சேரலாம், பங்கு கேட்பவராக அல்ல. அந்த அளவுக்கு டெல்லியும் மறுக்காது. டெல்லிக்கு இதில் சொந்த லாபமும் உண்டு. 2025 ஜூலையில் திபெத்தில் யார்லுங் சாங்போ மீது உலகின் மிகப் பெரிய நீர்மின் திட்டத்தைச் சீனா தொடங்கியது. அந்த ஆறுதான் கீழே வந்து பிரம்மபுத்திரா. அங்கே இந்தியா கடைமடை. பெய்ஜிங்கிடம் தகவல் கேட்கும்போது, ஃபராக்காவில் நாங்கள் கொடுக்கிறோம் என்று சொல்ல முடிந்தால் பேச்சுக்குக் கனம் கூடும்.

கொராய் தலைப்பைத் தூர்வாரும் செலவில் இந்தியாவும் பங்கேற்பது மூன்றாவது. செனகல் நதியின் கூட்டுச் சொத்து யோசனையை இந்தச் சின்ன அளவில் தொடங்கிப் பார்க்கலாம்.

இதில் எதுவும் டிசம்பர் 12-க்குள் முடியாவிட்டாலும் ஒரே ஒரு வரி கையெழுத்தாக வேண்டும்: புதிய ஏற்பாடு வரும்வரை பழையது தொடரும் என்பது. 2027 ஜனவரி 1 அன்று அடுத்த கோடைக் கணக்கு தொடங்குகிறது. அந்த வரி இல்லாவிட்டால் ஃபராக்காவில் வங்கதேசப் பொறியாளருக்கும் ஹார்டிஞ்ச் பாலத்தில் இந்தியப் பொறியாளருக்கும் நிற்க அதிகாரம் இருக்காது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாடும் தன் தன் கணக்கைச் சொல்லும்.